சமையல் கற்று வெளிநாடு செல்ல விரும்பும் மலையகத்தவருக்கு: எதை முதலில், எதைப் பிறகு

வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றின் சமையற்கூடத்தில் ஆறு ஆண்டுகள் நின்றுவிட்டு ஊர் திரும்பிய பின், பண்டாரவளைப் பக்கம் சமையல் பழக வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெட்டுப்பலகை முதல் விண்ணப்பப் படிவம் வரை உதவி வருகிறேன். அவர்களில் கைத்திறன் போதாமல் பின்தங்கியவர்கள் மிகச் சிலரே. முகவருக்கு முற்பணம் கட்டிவிட்டுப் பிறகு கடவுச்சீட்டுக்கு ஓடி, கடவுச்சீட்டு கைக்கு வந்த பின் அதிலுள்ள பெயர் பெறுபேற்றுத் தாளிலுள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று கண்டு, அதைத் திருத்துவதற்குள் வேலை வாய்ப்பை இழந்தவர்களே அதிகம்.

கீழே உள்ள வரிசை, க.பொ.த. சாதாரண தரம் எழுதிய ஒருவர் முன்னனுபவம் இல்லாமல் தொடங்குகிறார் என்று வைத்து அமைக்கப்பட்டது. அவருக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். ஏற்கெனவே ஹோட்டலில் வேலை செய்பவர் நான்காம் பகுதியில் சற்று வேகமாகச் செல்லலாம். ஆனால் இரண்டாம் பகுதியை எவரும் தாண்டிச் செல்லக்கூடாது.

1. இலக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

"வெளிநாடு போக வேண்டும்" என்பது இலக்கன்று. அது வழி மட்டுமே. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியே சொந்த வீடு கட்டுவதா, தங்கையின் பல்கலைக்கழகச் செலவைப் பார்ப்பதா, ஹட்டன் நகரில் ஒரு பேக்கரி தொடங்குவதா, அங்கேயே மேற்படிப்பு படித்துத் தங்கிவிடுவதா என்பதைப் பொறுத்து நீங்கள் கற்க வேண்டிய பிரிவும், செல்ல வேண்டிய நாடும், கையில் இருக்க வேண்டிய பணமும் மாறுகின்றன.

தாளில் மூன்று விடைகள் இருந்தால் போதும்: எத்தனை ஆண்டுகள் வெளியே இருக்கச் சம்மதம், அந்தக் காலத்தில் வீட்டுக்கு எவ்வளவு வந்து சேர வேண்டும், திரும்பி வந்த பின் என்ன தொழில். மூன்றாவது விடையைப் பலரும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். என்னிடம் பழகிய ஒரு பிள்ளைக்குப் பேக்கரி வைக்கும் ஆசை இருந்தது. ஆனால் முதலில் கிடைத்த இடம் என்பதற்காகச் சுடுசமையல் பிரிவில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் பொரிக்கும் சட்டிக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினார். பணம் சேர்த்திருந்தார், மாவு பிசைய இன்னும் ஒருவரிடம் சம்பளமில்லாமல் பழக வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும்போதே பேஸ்ட்ரிப் பிரிவைக் கேட்டிருந்தால் அந்த நான்கு ஆண்டுகளும் பேக்கரிக்கே உதவியிருக்கும்.

2. பெயர்: எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்தில்

மலையகத்தில் இருந்து செல்பவர்களுக்கு மிகப் பெரிய தடை இதுவே. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தோட்டப் பகுதிப் பிறப்புப் பதிவுகள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டவை. பாடசாலையில் பெயர் தமிழில் எழுதப்படுகிறது. பரீட்சைச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அது ஆங்கிலமாகிறது. மூன்று மொழிகளுக்கும் இடையில் ஒரே பெயர் மூன்று உருவம் எடுத்துவிடுகிறது. கணேசன் என்ற பெயரின் முதலெழுத்து ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'கே' என்றும் இன்னோரிடத்தில் 'ஜீ' என்றும் இருக்கும். லட்சுமி ஒரு தாளில் லெச்சுமியாக இருப்பார். தகப்பனின் பெயர் ஒன்றில் முழுமையாகவும் மற்றொன்றில் முதலெழுத்தாகவும் நிற்கும். ஊரில் இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்று எவரும் ஏற்றுக்கொள்வர். விசா பரிசீலிக்கும் அலுவலருக்கு இவை இரண்டு ஆட்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு ஆகிய நான்கையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தந்தையர் பெயர் ஆகியவற்றை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வோர் இடத்தையும் தாளில் குறியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரையும் ஒப்பிடச் செய்வது நல்லது. சொந்தப் பெயரில் உள்ள பிழையைக் கண் தாண்டிவிடும்.

திருத்தத்தைப் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் மற்றவை யாவும் அதைப் பார்த்தே எழுதப்படுகின்றன. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிழையின் தன்மையைக் காட்டினால் எந்தப் படிவம், எந்தச் சான்றுகள் என்று சொல்வார். அடையாள அட்டையை ஆட்பதிவுத் திணைக்களத்திலும், பெறுபேற்றுத் தாளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் அதன் பிறகே திருத்த வேண்டும். வரிசையை மாற்றி முதலில் அடையாள அட்டையைத் திருத்தினால், பிறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்ட பின் அதை மறுபடியும் திருத்த நேரிடும்.

இங்கே வழக்கமான குறுக்குவழி ஒன்று உண்டு. சமாதான நீதவான் ஒருவரிடம் சென்று, "இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று ஒரு சத்தியக் கடதாசி எடுத்து வைத்துக்கொள்வது. சில இடங்களில் அது செல்லும். சில தூதரகங்களில் செல்லாது. செல்லாத இடத்தில் அது தெரியவருவது கடைசி வாரத்தில்தான். என் சொந்த விண்ணப்பம் ஒன்று இப்படித்தான் ஐந்து மாதம் தள்ளிப்போனது: தகப்பனார் பெயரில் ஒரு மெய்யெழுத்து. அந்த ஐந்து மாதத்தில் எனக்கு ஒதுக்கிய இடத்துக்கு வேறொருவர் சென்றுவிட்டார்.

திருத்தும் வேலைக்குப் பல நாட்கள் அலைய வேண்டியிருக்கும். மலையில் வேலை செய்யும் தாயோ தகப்பனோ கூட வர வேண்டிய நாட்களில் அவர்களுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே போகும் முன் தொலைபேசியில் அழைத்து, அலுவலர் அன்று இருப்பாரா, மூலப்பிரதி வேண்டுமா, பிரதி போதுமா என்று கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

3. கடவுச்சீட்டு

பெயர் ஒழுங்கான பிறகு இது எளிது. புகைப்படத்தை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோ ஒன்றில் மட்டுமே எடுக்க வேண்டும். அவர்களே அதை நேரடியாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பி உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் தவிரக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு.

படிவத்தில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு இடங்கள் இருக்கும். நம்மவரிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாததால் தகப்பன் பெயரை ஒருவர் ஓரிடத்திலும் மற்றவர் மற்றோரிடத்திலும் எழுதுகிறார்கள். எதை எங்கே எழுதினீர்கள் என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு விண்ணப்பத்திலும், விமானச் சீட்டிலும் அதே ஒழுங்கு தொடர வேண்டும்.

4. பயிற்சி நிலையத்தைத் தேர்தல்

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது தேசிய தொழில் தகைமை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ. மட்டம். இது 1 முதல் 7 வரை செல்லும். 5, 6 டிப்ளோமா நிலை, 7 பட்டத்துக்கு இணை. சமையற்காரராக வெளியே செல்ல விரும்புபவர் குறைந்தது 3ஐயும், இயலுமானால் 4ஐயும் குறிவைக்க வேண்டும். நான்காம் மட்டம் உள்ளவர் மேற்பார்வையின்றித் தனித்து வேலை செய்யக்கூடியவர் என்று கொள்ளப்படுகிறார். அதற்கு மேலே டிப்ளோமாவுக்குச் செல்லும் கதவும் அங்கேதான் திறக்கிறது. ஆகவே பின்னர் படிப்பைத் தொடர எண்ணுபவருக்கு இது இருமடங்கு பயன்.

மலையகத்தவருக்கு அருகில் உள்ள இடங்களில், இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பண்டாரவளை, கண்டிக் கல்லூரிகளைச் சொல்லலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் மாவட்டங்களில் நிலையங்கள் வைத்துள்ளன. தனியார் நிலையத்தில் சேர்வதானால், மூன்றாம்நிலை மற்றும் வாழ்க்கைத்தொழிற் கல்வி ஆணைக்குழுவில் அந்நிலையம் பதிவாகி இருப்பதோடு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறியும் தரச் சான்று பெற்றுள்ளதா என்று கேளுங்கள். நிலையம் பதிவாகிப் பாடநெறி பதிவாகாமல் இருப்பது உண்டு; அப்போது கிடைக்கும் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவே உதவும்.

ஏற்கெனவே நுவரெலியாவிலோ எல்லவிலோ விருந்தினர் விடுதியில் சில ஆண்டுகள் சமைத்தவர் முழுப் பாடநெறியையும் படிக்க வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வேலை செய்ததற்கான கடிதங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் சமைத்துக் காட்டினால் அதே தகைமையைப் பெறலாம்.

மொழி பற்றி ஒரு சொல்: பல வகுப்புகள் சிங்களத்தில் நடக்கும். அதை அவமானமாகவோ அநீதியாகவோ எண்ணி விலகியவர்களைக் கண்டிருக்கிறேன். தமிழில் வகுப்பு வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அது கிடைக்கும் வரை ஓர் ஆண்டு வீட்டில் இருப்பது உங்களுக்கு மட்டுமே நட்டம். பயிற்சிக்குச் செல்லும் ஹோட்டலில் உங்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத்தருபவரும் அனேகமாகச் சிங்களத்திலேயே பேசுவார்.

5. வீட்டு அடுப்பில் பழகியதை எங்கே மாற்ற வேண்டும்

தோட்டத்து வீட்டில் விறகடுப்பில் பத்துப் பேருக்கு ரொட்டியும் சம்பலும் போட்டுப் பழகியவருக்கு வேகமும் சிக்கனமும் இயல்பாக வந்துவிடுகின்றன. மாற்ற வேண்டியவை வேறு.

முதலாவது, அளவு. "கண்ணளவு" என்பது ஒருவர் சமைத்து அவரே பரிமாறும் இடத்தில் சரி. நூறு தட்டும் ஒன்றுபோல இருக்க வேண்டிய இடத்தில் கிராம், மில்லிலீற்றர் கணக்கே செல்லும். வீட்டிலுள்ள பத்து உணவுகளைத் தராசு வைத்து நிறுத்து எழுதுங்கள். தேங்காய்ச் சம்பலுக்குக்கூட எழுதுங்கள். இப்பயிற்சி இல்லாதவர் வெளியே செய்முறைத் தாள் ஒன்றைக் கையில் வாங்கும்போது தடுமாறுவார்.

இரண்டாவது, வெட்டு. ஜூலியன் என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பில் 5 சென்ரிமீற்றர் நீளக் குச்சிகள். அவற்றைக் குறுக்கே அதே 3 மில்லிமீற்றரில் வெட்டினால் புருன்வா. நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும் நம் வாசலில் மலிவு. ஒரு நாளைக்கு ஒரு கிலோ கரட் வெட்டிச் சொதியில் போடுங்கள். அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒரே அளவில் வெட்டுவது அழகுக்காக மட்டுமன்று: துண்டுகள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் சிறியது குழையும் நேரத்தில் பெரியது வேகாமல் இருக்கும்.

மூன்றாவது, வெப்பநிலை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். ஆகவே குளிர்ந்த உணவு அதற்குக் கீழும் சூடான உணவு அதற்கு மேலும் இருக்க வேண்டும். கோழி இறைச்சியின் நடுப்பகுதி 75 பாகையைத் தொட வேண்டும். சோற்றை இரவு முழுவதும் பானையில் விட்டுக் காலையில் உண்பது நம் வழக்கம். ஹோட்டலில் அது வேலையை இழக்கச் செய்யும் குற்றம். வேகும்போது அழியாமல் சோற்றில் உயிர் தப்பும் கிருமிகளின் நுண்வித்துகள் சில, அறை வெப்பத்தில் மீண்டும் முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்பதே காரணம்.

இங்கே மலைக்கு உரிய ஒரு விடயம் இருக்கிறது. இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லி நான் பார்த்ததில்லை. நுவரெலியாவில் பயிற்சி பெற்ற ஒரு தம்பி, புதிதாக வாங்கிய வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் இட்டுப் பார்த்துவிட்டு, "இது பழுது சேர், கொதிக்கிற தண்ணியில 94தான் காட்டுது, கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று கொண்டுவந்தார். வெப்பமானி சரியாகவே இருந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பண்டாரவளையிலும் ஹட்டனிலும் 96 அளவில் கொதிக்கும். மலையில் வெப்பமானியைச் சரிபார்க்க வேண்டுமானால் நொறுக்கிய ஐஸ் நிறைந்த நீரில் இட்டு 0 காட்டுகிறதா என்று பாருங்கள். அது எங்கும் மாறாது.

இதன் விளைவு சமையலிலும் உண்டு. இங்கே பருப்பும் கிழங்கும் முட்டையும் வேக எடுக்கும் நேரம், கடற்கரை நகர் ஒன்றில் எடுக்கும் நேரத்தைவிட அதிகம். மலைக் குளிரில் புளித்து எழ இரண்டு மணி நேரம் எடுத்த பணிஸ் மா, வளைகுடாவின் வெப்பத்தில் முக்கால் மணி நேரத்தில் பொங்கி வழியும். மணிக்கூட்டை மட்டும் நம்பிப் பழகியவர் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் குழைத்துவிடுவார். ஆகவே நேரத்தோடு அடையாளத்தையும் எழுதிப் பழகுங்கள்: விரலால் அழுத்தினால் மா மெதுவாகத் திரும்பி எழுகிறதா, கத்தி நுனி கிழங்கில் தடையின்றி இறங்குகிறதா.

வெட்டுப்பலகை நிறங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, சமைக்காத மீனுக்கு நீலம், சலாதுக்கும் பழத்துக்கும் பச்சை, சமைத்த இறைச்சிக்கு மஞ்சள், பாணுக்கும் பாற்பொருளுக்கும் வெள்ளை, மண் படிந்த மரக்கறிக்குக் கபிலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. சமைத்துக் காட்டும் நேர்முகத் தேர்வில் பலகையைத் தவறாக எடுத்த உடனேயே மதிப்பீட்டாளர் பேனாவைத் திறப்பார்.

6. வேலைப் பதிவேடு

பயிற்சிக்குச் சென்ற முதல் நாளிலிருந்து ஒரு கொப்பியில் திகதி, நின்ற பிரிவு, செய்த உணவு, எத்தனை பேருக்கு என்பவற்றை எழுதி வாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை பிரிவுப் பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். வேலையை விட்டு விலகிய பின் கடிதம் கேட்டு அலைவதைவிட இது எளிது.

விலகும்போது சேவைக் கடிதம் கட்டாயம். அதில் பதவியின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும்: சமையற்கூட உதவியாளர், மூன்றாம் நிலைக் கொமி (இளநிலைச் சமையற்காரர்), இரண்டாம் நிலைக் கொமி என்பவை வேறு வேறு சம்பளப் படிகள். "சமையற்கூடத்தில் பணிபுரிந்தார்" என்று மட்டும் எழுதிய கடிதத்தைப் பாத்திரம் கழுவியவருக்கும் கொடுக்கலாம்.

7. மொழி

சமையற்கூட ஆங்கிலம் முந்நூறு சொற்களுக்குள் அடங்கும். அதைச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். கட்டளை வந்தவுடன் அதைத் திருப்பிச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் பிள்ளைகள் மரியாதை கருதித் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். அங்கே அது கேட்கவில்லை என்று பொருள்படும்.

படிக்கச் செல்பவருக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலப் பரீட்சை வேண்டும். அதன் பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுவதால், பத்திரங்கள் தயாராகுமுன் அவசரப்பட்டு எழுதாதீர்கள். ஜப்பானுக்குச் செல்பவர் ஜப்பானிய மொழிப் பரீட்சையான ஜே.எல்.பி.ரி.யின் என்.4 மட்டத்தையோ அதற்கு நிகரான அடிப்படைப் பரீட்சையையோ தேற வேண்டும். வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவருக்கு இதற்கு ஓர் ஆண்டாவது வேண்டும் என்பது என் அனுபவம், "மூன்று மாதத்தில் என்.4" என்ற விளம்பரப் பலகைகளை நான் நம்புவதில்லை.

8. எந்த நாடு

முதற்பகுதியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள்.

வீட்டுக்கு விரைவில் பணம் வர வேண்டும், கையில் முதலீடு இல்லை என்றால் மாலைதீவும் வளைகுடா நாடுகளும் பொருந்தும். சட்ட நிலையைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். உணவும் தங்குமிடமும் கொடுக்காத முதலாளி மேலதிகமாக முறையே 300 ரியாலும் 500 ரியாலும் கொடுக்க வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதும் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருப்பதும் சட்டவிரோதம்.

ஜப்பானில் 2019 ஏப்ரலில் தொடங்கிய குறித்த திறனுடைய தொழிலாளர் விசாவில் உணவகச் சேவையும் ஒரு துறை. மொழிப் பரீட்சையோடு துறைசார் திறன் பரீட்சையும் தேற வேண்டும். முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். குடும்பத்தை அழைக்க முடியாது. ஒவ்வொரு துறைக்கும் அந்நாடு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறது. அது நிரம்பினால் புதியவர்களை எடுப்பது நிற்கலாம். திறன் பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் துறை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பும் சமையலும் ஒன்றாக வேண்டும் என்பவர்கள் அவுஸ்திரேலியாவை நாடுகிறார்கள். அங்கே வணிகச் சமையலில் மூன்றாம் நிலைச் சான்றிதழும் சமையற்கூட முகாமைத்துவத்தில் நான்காம் நிலைச் சான்றிதழும் வழக்கமான தொடர். ஆனால் கணக்கைப் பாருங்கள்: மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 அவுஸ்திரேலிய டொலர்; ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக 29,710 டொலர் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதத்தில் விதித்தார்கள்; பாடநெறிக் கட்டணமும் பயணச் செலவும் வேறு. பொதுவாக ஐ.ஈ.எல்.டி.எஸ். 6.0 வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம். "வேலை செய்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம்" என்று சொல்பவரிடம் இந்த 48ஐ வைத்துப் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு நேரே இந்த வழியைப் பிடிப்பது பெரும்பாலும் கடனில் முடிகிறது. நான்கைந்து ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்து, சேமிப்போடும் அனுபவத்தோடும் பிறகு படிக்கச் செல்வதையே நான் பரிந்துரைக்கிறேன்.

9. செலவுக் கணக்கு

பத்திரத் திருத்தம், மொழிபெயர்ப்பு, பயணம், மருத்துவப் பரிசோதனை, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, முகவர் வாங்கும் தொகை, முதல் மாதக் கைச்செலவு ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், ஒப்பந்தத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை மறுபக்கத்திலும் எழுதுங்கள். மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வரலாம், வராமலும் போகலாம். மொத்தச் செலவு நான்கு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் நான் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

அம்மாவின் நகையை அடகு வைப்பதானால் மீட்கும் திகதியையும் வட்டியையும் எழுதி வையுங்கள். விசா தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த வட்டி ஏறும். ஆகவே அடகு வைப்பது வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு. ஒருபோதும் அதற்கு முன்னர் அன்று.

10. முகவரும் பணியகமும்

இந்தப் படி பத்தாவதாக வருவதற்குக் காரணம் உண்டு. தகைமை, கடவுச்சீட்டு, சேவைக் கடிதம் மூன்றும் கையில் உள்ளவர் முகவரிடம் கேள்வி கேட்பார். எதுவும் இல்லாதவர் சொன்னதைக் கேட்பார்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஒவ்வொரு முகவர் நிலையமும் அதன் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் நடப்பில் உள்ளதா என்பதோடு, உங்களுக்குச் சொல்லப்பட்ட குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்க அவர்களுக்கு ஒப்புதல் உண்டா என்றும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அனுமதி பெற்ற நிலையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு தோட்டத்துக்கு வரும் துணைத்தரகர்கள் அங்கேதான் பிடிபடுவார்கள்.

பணம் கொடுத்தால் நிலையத்தின் பற்றுச்சீட்டு வேண்டும். தரகரின் கைப்பட எழுதிய துண்டு செல்லாது. சுற்றுலா விசாவில் சென்று அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்துக்குக் கணினி வேலை என்று அழைத்துச் சென்று மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் இலங்கையர்களை அடைத்து வைத்தது அண்மைய ஆண்டுகளில்தான். சமையல் வேலை என்ற பெயரிலும் அதே வலையை விரிக்கலாம்.

ஒப்பந்தத்தில் பதவி, அடிப்படைச் சம்பளம், நாளாந்த வேலை நேரம், வார விடுமுறை, உணவு, தங்குமிடம், திரும்பும் விமானச் சீட்டு ஆகிய ஏழும் எழுத்தில் இருக்க வேண்டும். பதவியில் கூடுதல் கவனம் வேண்டும்: "ஹோட்டல் பணியாளர்" என்று இருந்தால் அவர்கள் உங்களை எங்கும் நிறுத்தலாம். பணியகப் பதிவை விட்டுவிட்டுப் பறக்காதீர்கள். விமான நிலையத்தில் தடுக்கப்படுவது ஒருபுறம், அப்பதிவோடு வரும் காப்புறுதியும் இல்லாமல் போகும்.

11. கடைசியில் எடுக்க வேண்டியவை

மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் நற்சான்றிதழ் இரண்டும் சில மாதங்களுக்கே செல்லுபடியாகும். ஆர்வக்கோளாறில் இவற்றை முதலில் எடுத்துவிட்டு, விசா வருவதற்குள் காலாவதியாகி இரண்டாம் முறை பணம் கட்டியவர்கள் பலர். ஒப்பந்தம் உறுதியான பின் எடுங்கள். வளைகுடா நாடுகளுக்கு அவர்கள் அங்கீகரித்த நிலையத்தில் செய்த பரிசோதனையே செல்லும்; உங்களுக்குப் பழக்கமான ஆய்வுகூட அறிக்கை உதவாது.

சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்குக் கொழும்புதான் செல்ல வேண்டும் என்பதில்லை, கண்டியிலும் அலுவலகம் உண்டு. மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கும்போதே கடவுச்சீட்டைத் திறந்து பெயரை ஒப்பிடுங்கள். இரண்டாம் பகுதியில் திருத்திய பெயர் மறுபடியும் இங்கே கெடுவது உண்டு.

12. புறப்படுமுன்னும் முதல் சம்பளம் வரையும்

உங்கள் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வேறொரு கணக்கை வையுங்கள். எல்லாப் பத்திரங்களின் படங்களையும் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அதுவே துணை. வழுக்காத அடியுள்ள சப்பாத்து ஒன்றை இங்கேயே வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள். புதுச் சப்பாத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற முதல் நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் மாதத்தில் உங்கள் உணவைச் சமைத்துக் காட்ட அவசரப்பட வேண்டாம். பொருள்கள் எந்தக் குளிரறையில், எந்தத் தட்டில் என்பதை மனதில் வரைந்துகொள்வதும், சொன்ன வேலையைச் சொன்ன அளவில் முடிப்பதும், பணிமேசையைத் துடைத்துவிட்டு நகர்வதும் போதும். இரண்டாம் மாதத்தில் ஊழியர் உணவுக்கு ஆள் தேடுவார்கள். அப்போது பருப்புக்கறியும் ரொட்டியும் சம்பலும் போடுங்கள். எனக்குப் பொரிக்கும் பிரிவிலிருந்து நகரும் வாய்ப்பு அந்த ஊழியர் உணவால்தான் கிடைத்தது.

முதல் சம்பளப் பட்டியல் வந்ததும் அதை ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். அடிப்படைச் சம்பளம் குறைந்திருந்தால் அந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணியகத்துக்கும் அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்கும் அதே கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள். மூன்று மாதம் பேசாமல் வாங்கிவிட்டு நான்காம் மாதம் கேட்டால், "இவ்வளவு நாளும் ஒப்புக்கொண்டுதானே வாங்கினாய்" என்ற பதில்தான் வரும்.